அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும் கடல்

மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போதெல்லாம் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோர ஊர்களில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: கல் போடுங்கள். ஒலுவிலில் கேட்டார்கள், நிந்தவூரில் கேட்டார்கள். மையவாடிச் சுவர் சரிந்தபோது மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் கேட்டார்கள். அரசியல்வாதி வருவார், கரையோரம் பேணல் திணைக்கள அதிகாரிகள் வருவார்கள், லொறிகளில் கருங்கல் வந்து இறங்கும், முகநூலில் நன்றிப் படங்கள் ஏறும். இந்தக் கோரிக்கை நியாயமானதுதானா என்று கேட்பதே பாவம்போலத் தோன்றும். வீடு இடியப்போகிறவரிடம் போய் அறம் பேசலாமா? பேசத்தான் வேண்டும். ஓர் ஊரின் கரையில் கொட்டிய கல் கடலை வடக்கே இருக்கும் அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது.

எங்கள் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. சரிந்து வந்து மோதும் அலை அதைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகிறது. வாடைக் காற்றுக் காலத்தில் தெற்கேயும் கொஞ்சம் போகும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்தப் போக்கின் குறுக்கே நிற்கிறது ஒலுவில் துறைமுகம். எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்துக் கனவு அது. டென்மார்க்கின் கடன் நிதியில், டென்மார்க் நிறுவனம் ஒன்றே கட்டுமானத்தை ஏற்க, 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பரில் திறந்துவைத்தார்கள். அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்குப் பக்கம் கரை கரைந்தது. தென்னங்காணிகள் போயின. கரைவலை இழுக்கவும் வாடி போடவும் தோணி ஏற்றவும் இருந்த நிலம் போயிற்று. துறைமுக வாயிலையும் மணல் விட்டுவைக்கவில்லை. கப்பல் வரும் என்று கட்டிய துறைக்குள் மீன்பிடிப் படகே நுழைய முடியாத காலமும் வந்தது.

அரிப்பு முழுவதையும் துறைமுகத்தின் தலையில் கட்ட முடியாது என்பது உண்மை. கடல் மட்டம் உயர்கிறது, ஆறுகள் கொண்டுவரும் மணலும் குறைகிறது. ஆனால் ஒரே சுவரின் ஒரு பக்கத்தில் மணல் மேடிட்டும் மறுபக்கத்தில் கரை காணாமல் போயும் இருப்பதற்குக் காலநிலை மாற்றம் காரணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்ற சமாதானமும் செல்லாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோது தெற்கே மெரினாவில் மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே இராயபுரத்தைக் கடல் தின்றது. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் எழுந்தது, நகரத்தின் கடற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் அடுக்கினார்கள். பிறகு அதற்கும் வடக்கே, புதுச்சேரி எல்லை தாண்டிய தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களில் அரிப்பு தொடங்கியது. ஒலுவிலில் என்ன நடக்கும் என்பதற்கு இதே வங்கக் கடலில் நூறாண்டுச் சாட்சி இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்று கிழக்கு மக்களுக்கு முதலில் உத்தரவிட்டது அரசு. சில ஆண்டுகளுக்குள் அதே அரசு கடலையே மக்களின் காணிக்குள் கொண்டுவரும் கட்டுமானத்தைத் தொடங்கியது.

இஸ்லாமியச் சட்ட மரபில் ஒரு விதி உண்டு. உஸ்மானியர் காலத்தில் தொகுத்த மஜல்லா சட்டக்கோவையின் முன்பகுதியிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஒரு தீங்கை அதற்கு இணையான இன்னொரு தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்பது அதன் சாரம். கடலரிப்புப் பற்றிப் பேசும் எங்கள் பள்ளிவாசல் கூட்டங்களில் முதலில் எடுத்துவைக்க வேண்டியது இந்த விதியைத்தான். வயலில் இது எங்களுக்கு நன்றாகப் புரியும். மேல்வயல்காரர் வாய்க்காலை மறித்துத் தன் வரவைக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சினால் வயல்நீரைப் பங்கிடும் வட்டவிதானை விடமாட்டார், ஊரும் விடாது. கடற்கரையில் அதையே செய்தால் அபிவிருத்தி என்கிறோம்.

இன்று இரவே அலை வீட்டுக்குள் வரும் என்ற நிலையில் கல் போடுவதை நான் தடுக்கமாட்டேன். கரைக்குப் பின்னால் ஒதுங்கிப் போகலாமே என்று கொழும்பில் இருந்து சொல்வது சுலபம். கல்முனையில் வீதிக்கும் கடலுக்கும் இடையே வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, மேற்கே போனால் கரைவாகு வயல்கள். ஒதுங்க இடமில்லை. எனவே அவசரக் கல்லுக்கு நியாயம் உண்டு. ஆனால் அது கடன். கல் போடும்போதே அடுத்த கரை எவ்வளவு இழக்கும் என்று அளந்து, அதை ஈடுசெய்யும் மணலுக்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத கல் அநியாயம்.

துறைமுகத்தைத் திறப்பதா, மூடுவதா என்று ஊர்களுக்கிடையே நடந்த இழுபறிதான் இந்தக் கதையில் மனதைக் கனக்கச் செய்யும் பகுதி. வாயிலில் மணலைத் தோண்டுங்கள், ஆழ்கடல் படகுகள் நிற்கின்றன என்றார்கள் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்து மீனவர்கள். முதலில் எங்கள் கரையைத் தாருங்கள் என்றார்கள் ஒலுவில் மக்கள். இரண்டு பக்கமும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. துறைமுகத்தின் சொந்தக்காரரான அரசு ஒதுங்கி நிற்க, ஏழைகள் முகத்துக்கு முகம் நின்றார்கள். என் நிலைப்பாடு இது: தோண்டட்டும். ஆனால் தோண்டும் மணல் கட்டட மணலாக எந்த முற்றத்துக்கும் போகக் கூடாது. அது வடக்குக் கரைக்குச் சேர வேண்டிய பங்கு. சுவர் நிற்கும் காலம் வரை, ஆண்டுதோறும், துறைமுகச் செலவிலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நடக்காத காரியமல்ல இது. அவுஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் நியூ சவுத் வேல்ஸ் நீட்டிய சுவர்கள், வடக்கே குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகளைக் கரைத்தன. இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்து, 2001 முதல் தெற்கில் சேரும் மணலைக் குழாய் வழியே வடக்குக்கு அனுப்புகின்றன, செலவையும் பகிர்ந்துகொள்கின்றன. அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். துறைமுகம் கட்டக் கடன் வாங்க முடிந்த நாட்டுக்கு மணல் அள்ளப் பணமில்லை என்றால், அந்தக் கட்டுமானத்தின் உண்மையான விலையை அன்று யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள். அந்த மீதி விலையை ஒலுவிலும் நிந்தவூரும் காணியாகக் கட்டிவருகின்றன.

அஷ்ரபின் கனவைக் குறை சொல்வதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தலைவரின் பெயருக்குச் செய்யும் மரியாதை, அந்தத் துறைமுகத்தால் ஊர் அழியாமல் பார்ப்பதாகத்தான் இருக்க முடியும்.

உள்ளூராட்சி எல்லைக்காக இத்தனை ஆண்டுகள் மல்லுக்கு நின்ற நாம், இதில் மட்டுமாவது ஒன்றாக நிற்கலாம். கல்முனை மாநகர சபையும் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பிரதேச சபைகளும் தனித்தனியாகக் கல் கேட்பதை நிறுத்தட்டும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பிரியாமல் ஒரே மனுவில் நான்கு முத்திரைகளோடு துறைமுகத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்கட்டும்: தெற்கே எவ்வளவு மணல் சேர்ந்திருக்கிறது, அதை எப்போது வடக்கே கொண்டுவந்து போடுவீர்கள்? எழுத்தில் பதில் வரும்வரை எந்த அரசியல்வாதியின் கருங்கல் லொறிக்கும் மாலை போடாதீர்கள்.