பிக்கப்பைத் தாழ்த்தினால் பிரேக்கும் மாறும்!

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகும் பிக்கப்பின் சுமையைத் தாங்குவது பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள்தான். 'லுக்'குக்காக ஒன்றிரண்டு பட்டையைக் கழற்றித் தாழ்த்தினால், வேகத்தடையில் வண்டி 'டம்' என்று இடிக்கும். உடனே பலர் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். கோளாறு அங்கே இல்லை.

உயரம் குறைந்ததும் அச்சுக்கும், மேலே சேஸிஸில் உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. லோடு ஏறினால் இன்னும் சுருங்கும். பள்ளத்தில் இரண்டும் மோதும். அதே அளவில் புது ஷாக் அப்சார்பர் போட்டாலும் முழுசா அமுங்கி அடி வாங்கும். முன்பக்கத்தையும் தாழ்த்தியிருந்து டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், வீல் அலைன்மென்ட் பார்க்கணும்.

பெரிய ஆபத்து பிரேக்கில். பின்பக்க உயரத்தை வைத்தே சுமையைக் கணிக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. தாழ்ந்த காலி வண்டியையும் அது லோடு வண்டியாக எடுத்துக்கொண்டு, பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் அனுப்பும். மழையில் திடீர் பிரேக் போட்டால் பின்பக்கம் வழுக்கிவிடும்.

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோறு போடும் வண்டிக்கு லுக்கைவிட பிரேக் முக்கியம். கழற்றிய பட்டையை மறுபடி மாட்டுவதே சரியான ரிப்பேர்.