எந்தக் காப்பி?

சங்கரன்கோவிலில் எங்கள் சித்தப்பா கருப்பட்டி வியாபாரம் பார்த்தவர். சிப்பம் வந்து இறங்கினால் முழுதாகப் பிரித்துப் பார்க்க மாட்டார். மேலே இருந்து ஒரு வட்டு, நடுவில் இருந்து ஒன்று, அடியில் கைவிட்டு ஒன்று. மூன்றையும் திண்ணையில் தட்டி உடைப்பார். உடைந்த இடம் மங்கலாக இருந்தால் சரி. வெயிலில் காட்டும்போது பொடிப்பொடியாக மினுங்கினால் சீனி கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூக்கு, கடைசியில்தான் நாக்கு. ஒரு துணுக்கைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வந்தவரிடம் மழையைப் பற்றிப் பேசுவார். துணுக்கு கரைந்து முடிவதற்குள் விலையும் முடிந்திருக்கும்.

“கண்ணு ஏமாத்தும்டே. கறுப்புல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும்” என்பார்.

இந்தச் சொல்லை நான் மறுபடி நினைத்துக்கொண்டது நுவரெலியாவில், ஒரு கறுப்பு பீருக்கு முன்னால் உட்கார்ந்து.

நான் போய் இறங்கிய அன்று பௌர்ணமி. இலங்கையில் போயா தினத்தன்று மது விற்பனை கிடையாது. சாராயம், பியர், ஸ்டவுட் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. என்னை அழைத்திருந்த மலையக நண்பர் தேயிலைத் தொழிற்சாலையில் தேத்தண்ணி ருசி பார்க்கிறவர். என்னைவிட மூத்தவர். “ஒரு நாள் பொறுங்க தம்பி. அதுவரை நாக்கைப் பழக்குவோம்” என்று தன் மேசைக்குக் கூட்டிப்போனார். வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். 100 மி.லி. வெந்நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறல், எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே கணக்கு. கரண்டியில் அள்ளி, ‘சர்ர்’ என்று சத்தம் போட்டு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பினார். எங்கள் வீட்டில் இப்படி உறிஞ்சினால் முதுகில் அடி விழும். காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுமாம். நாக்கு சொல்வது கொஞ்சம். மீதியை மூக்குதான் சொல்கிறது.

மறுநாள் அந்தக் கறுப்பு பீர், லயன் ஸ்டவுட், வந்தது. போத்தலை ஜன்னல் திண்டில் வைத்தார். கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்து ஊர். அந்தக் குளிரே போதும். நம்மூரில் பீர் வாங்குகிறவர் வாயில் முதலில் வரும் கேள்வி, “கூலிங்கா இருக்கா?” சித்திரை வெயிலில் விசைத்தறி ஓட்டிவிட்டு வருகிறவர் அப்படிக் கேட்பதில் குற்றம் இல்லை. ஆனால், ஐஸ் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணமும் மேலே எழும்பாது. ரொம்பக் குளிர்ந்த பீரெல்லாம் ஏறக்குறைய ஒரே பீர்தான். கனமான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி போதும் என்கிறார்கள்.

கண்ணாடித் தம்ளரை எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு வாடை எதுவும் இல்லாமல் கழுவி, சாய்த்துப் பிடித்து ஊற்றினார். பால் குறைத்துப் போட்ட காப்பியின் நிறத்தில் நுரை எழும்பி நின்றது. கறுப்பு என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது ஓரத்தில் மாதுளம்பழச் சிவப்பு தெரிந்தது.

“மோந்து பாருங்க. என்ன வருது?”

“காப்பி.”

“அது எல்லாரும் சொல்றதுதானே. எந்தக் காப்பி?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தம்ளரைச் சுழற்றி மறுபடி மோந்தேன். கடைக் காப்பி இல்லை. எங்கள் வீட்டுக் கருப்பட்டிக் காப்பி, அதுவும் இரண்டாம் முறை சுட வைத்தது. அதற்கடியில், எள்ளுருண்டைக்கு எள் வறுக்கும்போது ஒரு நிமிடம் கவனம் பிசகினால் எழும் வாசம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, டப்பாவின் அடியில் கிடந்து இறுகிப்போன உலர்ந்த திராட்சை. ஒரு வாய் குடித்ததும் முதலில் இனிப்பு, நடு நாக்கில் லேசான புளிப்பு, விழுங்கிய பிறகு கசப்பு. கசப்பு போன பின்னும் நாக்கின் ஓரத்தில் கடுக்காய் போல ஒரு துவர்ப்பு. தேத்தண்ணியைத் துப்பலாம், பீரைத் துப்பக் கூடாது. கசப்பின் நீளம் விழுங்கினால்தான் தெரியும் என்றார் நண்பர். அறுசுவையில் உப்பும் உறைப்பும்தான் பாக்கி. உறைப்பின் இடத்தை நெஞ்சில் இறங்கிய சூடு எடுத்துக்கொண்டது.

பீர் போட்டிகளில் நடுவர்கள் இதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்காவில் உருவான பி.ஜே.சி.பி. என்ற அமைப்பின் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த நிறைவுக்கு 10. கண்ணுக்குக் கிடைப்பது 50-ல் வெறும் 3. சித்தப்பாவின் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

கறுப்பு கண்ணை ஏமாற்றுவது புதிதும் இல்லை. லண்டனில் போர்ட்டர் என்ற கரும்பீர் ஓங்கியிருந்த காலத்தில், நிறத்துக்காகக் கருகிய சர்க்கரை போன்றவற்றை உள்ளே தள்ளியவர்கள் உண்டு. 1816-ல் பிரிட்டன் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. மறு வருஷமே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போல உருளையில் மால்ட்டைக் கருக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. வறுத்த தானியம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். தம்ளர் முழுக்கக் கறுத்துவிடும். போர்ட்டரில் கனமானதை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றார்கள். பிறகு ஸ்டவுட் என்ற அடைமொழியே பெயராக நின்றுவிட்டது.

டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-ல் ஆண்டுக்கு 45 பவுண்ட் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு பீர் ஆலை எடுத்தது பலரும் அறிந்த கதை. அதே ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டை அவ்வளவாகத் தெரியாது. வாற்கோதுமையையும் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவையும் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு, மொத்தத்தைப் பற்றி எவ்வளவு துணிந்து சொல்லலாம் என்பது அவருடைய கவலை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் அனுமதிக்காததால், 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரில் கட்டுரை வெளியிட்டார். இன்று கல்லூரிப் புள்ளியியல் பாடத்தில் பிள்ளைகள் முட்டி மோதும் ‘டி’ சோதனை அங்கே பிறந்ததுதான். சிப்பத்துக்கு மூன்று வட்டு உடைத்த சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “மூணு பத்தும்” என்று முடித்துக்கொண்டார்.

இந்தக் கறுப்பு பீர் நம் பக்கத்துக் கடலுக்கு வந்தது கப்பலில். 1801-லேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று கூடுதல் ஹாப்ஸ் போட்டு, வீரியம் ஏற்றி கின்னஸ் தயாரித்தது. வெயில் நாட்டுக்காரர்கள் அதைக் குடித்துப் பழகி, பிறகு தாங்களே வடித்தபோது கசப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டிக்கொண்டார்கள். சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட், இலங்கையின் லயன் ஸ்டவுட் எல்லாம் அப்படி வளர்ந்தவை. 2015-ல் பி.ஜே.சி.பி. ‘ட்ராபிகல் ஸ்டவுட்’ என்று இவற்றுக்குத் தனி இலை போட்டது. லயனின் கதை, 1849-ல் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் வைத்த சிறு வடிப்பாலையில் தொடங்குகிறது. பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு சொன்ன அதே பேக்கர்தான். இப்போது ஆலை கொழும்புக்கு அருகே பியகமவில் இருக்கிறது. இங்கிலாந்தின் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இலங்கைக்கு வந்து குடித்துவிட்டு எழுதிய பிறகுதான் உலகம் இந்தப் போத்தலைத் திரும்பிப் பார்த்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதன் ஆல்கஹால் அளவு 8.8 சதவீதம். 330 மி.லி. சின்னப் போத்தலில் 29 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம்மூர் பிராந்தியில் 60 மி.லி. ‘லார்ஜ்’ ஒன்றைவிட இது கொஞ்சம் அதிகம். பீர்தானே என்று இனிப்பை நம்பி இறங்கினால் எழுந்திருக்கும்போது தெரியும். நாங்கள் இரண்டு பேர், ஒரே போத்தல், ஒன்றரை மணி நேரம். கடைசி வாய் ஊரின் குளிரையும் மீறி வெதுவெதுத்திருந்தது. திராட்சை வாசம் அப்போதுதான் முழுதாக வந்தது.

எங்கள் தெருவில் குடியால் வீடிழந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் இங்கே குடியைப் பற்றிப் பேச்செடுத்தாலே பாதிப் பேர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றில்கூட, குடித்தவர் ருசித்துக் குடித்ததாக நான் பார்த்ததில்லை. 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்ததிலிருந்து நான் பார்ப்பது ஒரே காட்சி: நின்றவாக்கில், முகத்தைச் சுளித்துக்கொண்டு, நாக்கில் படாமல் தொண்டைக்கு அனுப்புவது. அதற்குமுன் ஊருக்கு வெளியே பனைகளில் கள் இறங்கிய காலத்தில் காலைக்கள், அந்திக்கள், இளங்கள், புளித்த கள் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. 1987-ல் தடை வந்து கள் நின்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் மட்டும் மிஞ்சியது. கள்ளோடு அந்தச் சொற்களும் போயின. அவை போனதால் குடிகாரன் குறைந்துவிடவில்லை.

ஊர் திரும்பும்போது ஒரு போத்தல் கூடவே வந்தது. சித்தப்பாவுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. பார்வை மங்கல், கடை இல்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. “குடிக்க வேண்டாம் சித்தப்பா, மோந்து மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று தம்ளரை நீட்டினேன். சித்தி அடுக்களை வாசலில் இருந்து முறைத்தாள்.

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் பாகு இறக்கும்போது நிற்பது போல ரொம்ப நேரம் அசையாமல் இருந்தார்.

“அடி பிடிக்கப் போற நேரத்துல இறக்கியிருக்கான். கெட்டிக்காரன்.”

நானும் நண்பரும் தாளில் வரி வரியாக எழுதி 50-க்கு மதிப்பெண் போட்டிருந்தோம். இப்படி ஒரு வரி அதில் இல்லை.

தம்ளரை என்னிடம் திருப்பித் தந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி வாங்கி மோந்தார். நெற்றி சுருங்கியது.

“ஏடே, இதுல சீனி சேத்திருக்கானோ?”