பருந்து என்று சொல்லிவிட்டால் போதுமா?

கோயில் குடமுழுக்கின்போது வானில் கருடன் வட்டமிட்டால் அண்ணாந்து பார்த்துக் கைகூப்புகிறோம். மற்ற நாட்களில் தலைக்கு மேலே பறக்கும் பெரிய பறவைகளையெல்லாம் 'பருந்து' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். இது அறியாமை மட்டுமன்று, அலட்சியமும் ஆகும் என்பது என் கருத்து.

சென்ற மார்கழியில் நண்பர்கள் நால்வர் சாத்தனூர் அணைக்குச் சென்றிருந்தோம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் மேல், ஒரு பெரிய பறவை ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றது. மறுகணம் கால்களை முன்னே நீட்டியபடி நீருக்குள் பாய்ந்து, மீனோடு எழுந்தது.

"கருடன்!" என்று கூவினேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"கருடன் இல்லே தம்பி, அது விராலடிப்பான்."

ஊர் திரும்பியதும் நூலகத்தில் சாலிம் அலியின் நூலைப் புரட்டினேன். பெரியவர் சொன்னதே சரி. கருடன் எனப்படும் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை. மற்ற உடல் செங்காவி நிறம். விராலடிப்பானுக்கோ முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை. வெண்மையான தலையில் கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. நீண்டு குறுகிய இறக்கைகள் பறக்கும்போது நடுவில் மடங்கினாற்போல் வளைந்திருக்கும். வழுக்கும் மீன் நழுவாதிருக்கப் பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு; வெளிவிரலைப் பின்னோக்கியும் திருப்ப முடியும். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு ஏந்திச் செல்லும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் நீர்நிலைகளுக்கு வரும் விருந்தாளி இது.

பெயர் தெரிந்து ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து, மீன் வழியாக இப்பறவையின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தன. பறவையை இனம் கண்டு கூடுகளை எண்ணி வந்தவர்கள் இருந்ததாலேயே அந்த வீழ்ச்சி வெளியே தெரிந்தது. 1972-இல் அங்கே அம்மருந்துக்குத் தடை வந்தது. பறவைகளும் மெல்ல மெல்லப் பெருகின. எல்லாமே பருந்து என்றிருந்தால், ஓர் இனம் குறைந்ததை யார் அறிந்திருப்பார்?

எழுத்தறியாத அப்பெரியவருக்குத் தெரிந்தது, பட்டம் பெறப்போகும் எனக்குத் தெரியவில்லை. விராலை அடிப்பவன் விராலடிப்பான். பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது. இத்தகைய பெயர்கள் அவர்கள் தலைமுறையோடு மறைந்துவிடலாகாது. நம் விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் கைகோத்து, ஏரிக்கரை மக்களிடம் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டினால் என்ன? வரும் மார்கழியில் சாத்தனூரிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முதல் ஆளாக நான் வரத் தயார்.