அடைப்பு எடுத்த பின்னரும் குளிசை ஏன்?

1980களில் இளைஞர்களாகப் பாரிஸ் வந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி வாழ்வைத் தொடங்கிய ஈழத்தமிழர் பலர் இன்று அறுபது வயதைக் கடந்து நிற்கின்றனர். லாச்சப்பல் கடைத்தெருவில் இருவர் சந்தித்தால் ஊர்ப்புதினத்துக்கு அடுத்ததாக நெஞ்சுவலியும் ஸ்ரென்ற் பொருத்தியமையும் பேச்சில் வருகின்றன. "அடைப்பை எடுத்தாச்சு, கொலஸ்ரோலும் இறங்கிட்டுது, இனிக் குளிசை எதுக்கு?" என்ற கேள்வியும் கூடவே எழுகின்றது.

உயிருக்கே உலை வைக்கக்கூடிய கேள்வி இது. ஸ்ரென்ற் என்பது சுருங்கிய ஓரிடத்தைத் திறந்து வைத்திருக்கும் சிறு உலோக வலை மட்டுமே. 1986 இல் பிரான்சின் துலூஸ் நகரில் மருத்துவர் ஜாக் புயெல் அதனை முதன்முதலாக மனித இருதயக் குழாயில் பொருத்தினார். ஏனைய இடங்களில் கொழுப்புப் படிவதை அது தடுப்பதில்லை. கொலஸ்ரோல் இறங்கியதும் பெரும்பாலும் ஸ்ரற்றின் குளிசையினாலேயே. அதை நிறுத்தினால் சில வாரங்களில் மீண்டும் ஏறிவிடும். ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, இத்தகையோரின் எல்.டி.எல். கொழுப்பு லீற்றருக்கு 0.55 கிராமிலும் குறைவாக இருத்தல் வேண்டும். ஆரோக்கியமானவருக்குப் போதுமான அளவு இவர்களுக்குப் போதாது.

2013 இல் பேராசிரியர் பிலிப் எவென் கொலஸ்ரோலின் ஆபத்தை மறுத்து நூல் வெளியிட்டபோது, பிரான்சில் ஸ்ரற்றினைக் கைவிட்டோர் தொகை கூடியதைப் பின்வந்த ஆய்வு காட்டியது. ஆக, இத்தடுமாற்றம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்கின்றது. வைத்தியரிடம் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் மகனோ மகளோதான். பிள்ளை கவலைப்படுமே என்று தந்தை தசைநோவை மறைக்கின்றார். குளிசையை நிறுத்தியதையும் மறைக்கின்றார். வைத்தியர் அறிந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்ரற்றினுக்கு மாற்றலாம், எசெற்றிமைப் சேர்க்கலாம். அறியாதவர் என்ன செய்வார்?

செலவைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. நீண்டகால நோய்ப் பட்டியலில் பதிவு பெற்றவருக்கு, பெட்டிக்கு அறவிடப்படும் சிறுதொகை நீங்கலாக, இந்நோய்க்கான மருந்துகளை அரச மருத்துவக் காப்புறுதி நூறு வீதம் ஏற்கின்றது. தேங்காய்ப்பால், கொத்துரொட்டி, மாலை நேர வடை ஆகியவற்றைக் குறைப்பது அவசியமே; ஆயினும் அது குளிசைக்கு ஈடாகாது.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு முன், பிள்ளைகள் தந்தையுடன் அமர்ந்து குளிசைப் பெட்டிகளை மேசையில் பரப்பிப் பார்க்கட்டும். திறக்கப்படாத பெட்டி இருந்தால் அதனையும் வைத்தியரிடம் கொண்டு செல்லட்டும்.