கால் டாக்டருக்குப் படிக்கப்போகும் மருமகள்

கனநாளாக இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. வேலை, பனி, முழங்கால் நோ என்று எத்தனையோ சாட்டுச் சொல்லலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் நடந்த கதைதான் என்னைத் திரும்பவும் எழுத இருத்தியது.

தங்கச்சியின் மகள் 2001 இல் ஸ்காபரோவில் பிறந்தவள். உயிரியல் படித்துப் பட்டம் எடுத்துவிட்டாள். ஜீ.பி.ஏ. 2.9. மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கற் சோதனையில் 491. அந்தச் சோதனையின் அடி 472, உச்சி 528, நடு 500. ரொறன்ரோவில் மருத்துவத்துக்குச் சேருகிற பிள்ளைகளின் ஜீ.பி.ஏ. 3.9 சொச்சத்தில் நிற்கிறது. ஆகவே அந்தக் கதவு இவளுக்குப் பூட்டு. இது அவளுக்கும் தெரியும்.

"மாமா, நான் அமெரிக்காவிலை பொடையட்ரிக்கு அப்ளை பண்ணப்போறன்" என்றாள்.

தங்கச்சி குசினிக்குள் இருந்தே சத்தம் போட்டாள். "அண்ணா, நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ. ஆற்றையேன் கால் நகம் வெட்டுறதுக்கோ நாங்கள் ரண்டு வேலை செய்து படிப்பிச்சனாங்கள்?"

மச்சானுக்கு வேறு கணக்கு. "நீ சும்மா இரு. பேருக்கு முன்னாலை டாக்டர் எண்டு வரும்தானே. என்ன டாக்டர் எண்டு ஆர் கேட்கப்போகினம்?"

இரண்டு பேரும் எதிரெதிராகக் கதைப்பது போலத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம். ஒருவருக்கும் காலைப் பற்றிக் கவலையில்லை. பெயரைப் பற்றித்தான் கவலை.

எனக்கு இந்த வருத்தம் நல்லாய்த் தெரியும். 1982 இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவன் நான். தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் என்று நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. 1970களில் வந்த தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் எங்கள் தலைமுறைக்குச் செய்த அநியாயத்தைப் பற்றி இங்கே முன்னமே எழுதியிருக்கிறேன். அந்த அநியாயம் உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. என் புள்ளி தரப்படுத்தல் இல்லாவிட்டாலும் காணாது. பௌதிகத்தை நான் படிக்கவில்லை. செக்கண்ட் ஷை எடுத்தும் காணவில்லை. ஐயா மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கனடாவுக்கு அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவிய காலம் முழுக்க, யாராவது ஊரில் என்ன படித்தாய் என்று கேட்டால், "தரப்படுத்தலாலை போச்சு" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அரைவாசி உண்மை சொல்வது சுகமான வேலை. பௌதிகத்தில் எங்கே பிழைவிட்டேன் என்று கடைசிவரை நான் பார்க்கவேயில்லை.

ஆகவே மருமகளிடம் முதலில் சொன்னது இதுதான். "பெறுபேற்றுத் தாளைக் கொண்டா. மேசையிலை விரி."

அமெரிக்காவில் பொடையட்ரிக் கல்லூரிகள் பத்துச் சொச்சம்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பொது விண்ணப்பம். 500க்குக் கீழே எம்கற் எடுத்தவர்களும் அங்கே நிறையப் பேர் சேருகிறார்கள். 491 உம் 2.9 உம் அங்கேயும் சராசரிக்குக் கீழேதான், ஆனாலும் இடம் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லமுடியாது. இதைக் கேட்டதும் மச்சானின் முகம் மலர்ந்தது. நான் பயந்தது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் கல்லூரி எடுப்பது வேறு, படித்துக் கரைசேர்வது வேறு. அங்கே முதல் இரண்டு ஆண்டும் உடற்கூற்றியல், உயிர் இரசாயனம், மருந்தியல் என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிற அதே பாடங்கள். சில கல்லூரிகளில் ஒஸ்ரியோபதி மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடியத் தேசியச் சோதனையின் முதற்பகுதி. நாலு ஆண்டு முடிந்தபின் மூன்று ஆண்டு ரெசிடென்சி. 2013 அளவில் பட்டம் முடித்தும் ரெசிடென்சி இடம் கிடைக்காமல் பலர் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு நிலைமை சீரானது. அந்த ஆண்டு முடித்தவர்களுக்கு அது என்ன ஆறுதல்? உள்ளே எடுக்கும்போது காட்டிய தயவைத் தேசியச் சோதனை காட்டாது. காசு கட்டி இரண்டாம் ஆண்டில் திரும்பி வருகிற பிள்ளையைப் பற்றி எங்கள் கலியாண வீடுகளில் யாரும் கதைப்பதில்லை.

காசுக் கதைக்கும் வருவோம். பல கல்லூரிகளில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் நாலு ஆண்டில் கால் மில்லியனைத் தாண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கடன் உண்டு. கனடாப் பிள்ளைக்கு அது கிடையாது. வங்கியில் லைன் ஒஃப் கிரெடிட் எடுக்கவேணும், அப்பாவோ அம்மாவோ பிணை வைக்கவேணும். மச்சான் வீட்டை வைக்கத் தயாராக இருந்தார். இருபத்தைந்து ஆண்டு இரவு வேலை செய்து வாங்கிய வீடு.

இன்னொன்றையும் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை. ஒன்ராறியோவில் 1993 ஜூலை 31 க்குப் பிறகு புதிதாக யாரையும் பொடையட்ரிஸ்ட் என்று பதிவதில்லை எனச் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் நாலு ஆண்டு படித்துவிட்டு வந்தவரும் இங்கே கைரோப்பொடிஸ்ட் என்ற பெயரில்தான் பதியவேண்டி வந்தது. செய்யக்கூடிய வேலையும் சுருங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் நிலைமை வேறு. கியூபெக்கில் துவா-றிவியேர் பல்கலைக்கழகத்தில் பொடையட்ரிப் படிப்பு இருக்கிறது, ஆனால் பிரெஞ்சில். ரொறன்ரோவிலேயே மிச்னர் நிறுவனத்தில் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுக் கைரோப்பொடிப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவிலேயே தங்குவதென்றால் ரெசிடென்சிக்கு விசா வேணும், எல்லா ஆஸ்பத்திரியும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. எங்கே வேலை செய்யப்போகிறாய் என்று முடிவெடுக்காமல் எங்கே படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. வீட்டை வைக்கமுதல் கேட்கவேண்டிய கேள்வி அது.

சரி, பெறுபேற்றுத் தாளுக்கு வருகிறேன். முதல் ஆண்டு முடிவும் இரண்டாம் ஆண்டும் கிணற்றுக்குள் விழுந்தமாதிரி. சேதன இரசாயனத்தில் சி, பௌதிகத்தில் சி. (பௌதிகம் எங்கள் பரம்பரைச் சாபம்.) கடைசி ஆண்டில் பி பிளஸ், ஏ என்று மெல்ல ஏறியிருக்கிறாள். எம்கற்றில் நாலு பகுதி. இரசாயனமும் பௌதிகமும் 122, வாசிப்புப் பகுதி 121, உயிரியல் 124, உளவியல் 124. எங்கே ஓட்டை என்று தாளே சொல்லுகிறது. 491 என்று மொத்தமாகப் பார்த்தால் அது ஒரு தீர்ப்பு. பிரித்துப் பார்த்தால் செய்யவேண்டிய வேலையின் பட்டியல். எம்கற்றை ஓர் ஆண்டில் மூன்று தரம், ஆயுளில் ஏழு தரம்தான் எடுக்கலாம். அவள் எடுத்தது ஒரு தரம். அதுவும் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு ஆறு கிழமைப் படிப்பில்.

பிறகு விண்ணப்பக் கட்டுரையை வாசிக்கத் தந்தாள். காசு வாங்கித் திருத்திக் கொடுக்கிற ஒருவர் கைவைத்த கட்டுரை. முதல் வரியிலேயே குண்டு விழுகிறது. பங்கர், இடப்பெயர்வு, முகாம், கண்ணீர். எல்லாம் "நான்", "எங்கள்" என்று. எனக்குக் கை நடுங்கியது.

"பிள்ளை, நீ எப்ப பங்கருக்குள்ளை இருந்தனி?"

"அவர்தான் மாமா அப்பிடி எழுதச் சொன்னவர். மார்க்ஸ் குறைவெண்டா கதை ஸ்ட்ரோங்கா இருக்கோணுமாம்."

அந்தக் கதை என்னுடையது. அதை நான் ஒருதரம் குடிவரவு அதிகாரிகளுக்கு முன்னால் சொன்னேன், உயிரைக் காப்பாற்ற. அதை ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை சி எடுத்ததற்குச் சாட்டாகச் சொன்னால், அங்கே செத்துப்போனவர்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதை என்ன? நாங்கள் பட்டது பட்டதுதான். பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளவேணும், எழுதவும் வேணும். ஆனால் தாங்கள் பட்டதாகச் சொல்லிப் புள்ளிக்குப் பதிலாக நீட்டக்கூடாது. தரப்படுத்தலைச் சொல்லி இருபது ஆண்டு தப்பிய நான் இதைச் சொல்லலாம்.

"அப்ப ரண்டாம் வருசம் என்ன நடந்தது? உள்ளதைச் சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மம்மாவின்ரை கால்" என்றாள்.

அது எனக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நான் யோசித்ததேயில்லை. என் அம்மாவுக்கு இருபது ஆண்டாய் நீரிழிவு. 2020 ஜனவரியில் குளிருக்குக் காலை ஹீற்றரில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறா. சின்னவிரல் சுட்டது தெரியவில்லை. நரம்பு செத்த காலுக்குச் சூடும் தெரியாது, நோவும் தெரியாது. ஐந்து நாள் சொக்ஸுக்குள்ளேயே கிடந்தது. பிறகு விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே போனது. மிஞ்சிய காலிலும் புண். கொவிட் வந்தபின் நேர்ஸ் வருவது குறைந்தது. தங்கச்சிக்கு அந்தப் புண்ணைப் பார்க்கவே ஏலாது, மயங்கிவிடுவாள். நானோ வாசலில் பழங்களை வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஒவ்வொரு இரவும் அந்தக் காலைக் கழுவி, துடைத்து, மருந்து கட்டியது இந்தப் பிள்ளை. அம்மா 2022 இல் கண்ணை மூடும்வரைக்கும். அவள் சி எடுத்த ஆண்டு அது.

"அதை ஏன் எழுதேல்லை?"

"கால் கழுவினன் எண்டு எழுதினா வெட்கம் இல்லையா மாமா?"

குசினிச் சத்தம் நின்றுவிட்டது. தங்கச்சி கதவடியில் நின்றாள்.

வெட்கம் யாருக்கு? எங்கள் ஆட்களில் நீரிழிவு இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். கோயிலில் வெறுங்காலோடு சுற்றுகிறோம், வீட்டிலே உள்ளங்காலைப் பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அம்மாவுக்கு அதை நேரத்தோடு ஒருவர் செய்திருந்தால் அந்த ஹீற்றர் பக்கம் விட்டிருக்கமாட்டோம். காலைத் தொடுவது கீழான வேலை என்று நினைக்கிற சமூகம் நாங்கள். அது எங்கேயிருந்து வந்த நினைப்பு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

என் அபிப்பிராயம் இவ்வளவுதான். குறைந்த புள்ளியோடு பொடையட்ரிக்கு விண்ணப்பிப்பதில் வெட்கம் எதுவுமில்லை. மருத்துவம் கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக விண்ணப்பித்தால்தான் பிழை. புள்ளி ஏன் குறைந்தது என்று இரண்டு வரியில் உள்ளதைச் சொல்லவேணும், அழக்கூடாது. அதற்குப் பிறகு படிக்கமுடியும் என்பதற்குப் புதிய புள்ளியைக் காட்டவேணும். கல்லூரி ஓம் என்று சொன்னாலும், "நான் இதில் பாஸ் பண்ணுவேனா" என்ற கேள்வியைத் தனக்குத்தானே கேட்கவேணும். கல்லூரி அதைக் கேட்காது. அது தவறினாலும் கட்டணம் கட்டணம்தான்.

மருமகள் இந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. உயிர் இரசாயனமும் உடற்றொழிலியலும் திரும்ப எடுக்கிறாள். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டு எம்கற்றுக்குப் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் ஒரு கைரோப்பொடிஸ்டின் கிளினிக்கில் கூடநின்று பார்க்கிறாள். முதல் நாள் அங்கே பார்த்த புண்ணைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் விபரிக்கத் தொடங்கி, மச்சான் எழும்பி ஓடிவிட்டாராம். அமெரிக்காவா மிச்னரா என்பதை வாற கோடையில் முடிவெடுக்கலாம் என்று சொல்கிறாள். கிடைக்காமலும் போகலாம். அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

தங்கச்சி மற்றவர்களிடம் இன்னும் "மெடிக்கல் லைனிலை ஏதோ படிக்கிறாள்" என்றுதான் சொல்கிறாள். பரவாயில்லை. போன கிழமை போனபோது என்னுடைய சொக்ஸைக் கழட்டச் சொல்லி மருமகள் காலைப் பார்த்தாள். எனக்கும் ஆறு ஆண்டாய்ச் சீனி வருத்தம். இடது பெருவிரலில் நூல் பட்டது எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற நீங்களும் இன்றிரவு படுக்கமுதல் ஒருக்கால் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கோ.