பிரஜாவுரிமை உண்டு, பிறப்புச் சான்றிதழ் இல்லை



வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதே. ஆனால் சப்ரகமுவ தோட்டங்களில் அவற்றுக்கான விண்ணப்பத்தை நிரப்பவே முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இவர்களின் மூதாதையருக்கு மறுத்த பிரஜாவுரிமையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழங்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கையர்தான். சட்டம் சரி. பிறப்புச் சான்றிதழ் இன்றி அடையாள அட்டை ஏது, கடவுச்சீட்டு ஏது?

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, உயர்தரம் சித்தியடைந்து இந்தியாவில் படிக்க ஆசைப்பட்டாள். லயத்துக் காம்பராவில் பிறந்தவள்; அப்போது பதிவு செய்யவில்லை. காலங்கடந்த பதிவுக்கு அலைந்ததில் தாய்க்கு மூன்று நாள் பேர் (நாட்கூலி) போனது. வந்த சான்றிதழிலோ 'செல்லம்மா' என்ற தாயின் பெயர் சிங்களத்தில் 'சேலமா' ஆகியிருந்தது. திருத்தி முடிப்பதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டது.

பத்தாம் தரத்திலேயே, தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தரோடு, தோட்டப் பாடசாலைகளில் பதிவாளர் நாயகம் திணைக்களம் நடமாடும் சேவை நடத்தட்டும். பதிவுக்குச் சான்றாக, பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்த பதிவேடு அங்கேயே அலுமாரியில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கேகாலை மாவட்டம்