ஏட்டிலே உரிமை, ஆற்றிலே விலங்கு!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் கடற்கரை. கோடையிலே ஆறு நோக்கி வரும் சால்மன். கடல் வற்றினால் மணலிலே மட்டி, சிப்பி. அந்த மண்ணின் மைந்தருக்கு அதுவே உணவு, அதுவே தொழில், அதுவே வாழ்வு!

1854-ல் வந்த மெடிசின் கிரீக் ஒப்பந்தம் சொன்னதென்ன? நிலத்தைக் கொடுங்கள், வழக்கமான இடங்களிலே குடியேறியவரோடு பொதுவாக மீன்பிடிக்கலாம் என்றது. நிலம் போயிற்று. உரிமை? வலை வீசியவன் கையிலே விலங்கு! நிஸ்குவாலி இனத்துப் பில்லி பிராங்க் 1945-ல் முதன்முதல் கைதானபோது வயது 14. பின்னர் ஐம்பது முறைக்கு மேல் கைது. தளர்ந்தாரா? இல்லை!

'பொதுவாக' என்றால் சரிபாதி என்று 1974-ல் தீர்ப்பளித்தார் நீதிபதி ஜார்ஜ் போல்ட். 1979-ல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. இயற்கைப் படுகைச் சிப்பியிலும் பாதி என்றது 1994-ன் தீர்ப்பு.

பங்கு கிடைத்தது, பங்கு போட மீன் வேண்டாமா? சாலைக்கடியில் புதைத்த குழாய்கள் மீன் ஏறும் வழியை அடைத்தன. அவற்றை மாநில அரசே சீர்செய்ய வேண்டும் என்ற உத்தரவு 2018-ல் உச்சநீதிமன்றத்தில் நிலைத்தது.

தோழர்களே, நாம் சொல்வோம்: எழுதிக் கொடுத்த உரிமையும், எழுந்து நின்று கேட்காதவரை ஏட்டுச் சுரைக்காயே!